“எப்ப வந்து சேருவே?”: சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கும்பகோணம் வரை

அப்பா இறந்த செய்தி வந்தபோது கலிபோர்னியாவில் செவ்வாய்க்கிழமை விடிகாலை 5.20. ஜனவரி மாதம். ஊரில் அதே செவ்வாய், மாலை 6.50. விளக்கு வைத்திருக்கும் நேரம். ஃபோனில் அண்ணன். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “எப்ப வந்து சேருவே? எடுக்கிற நேரத்தை முடிவு பண்ணணும்.”

அவனை லைனில் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து தேடினேன். சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தொலைவு சுமார் 13,900 கி.மீ., பறக்கும் நேரம் சுமார் 16 மணி நேரம் என்று வந்தது. மேலே ஒரு ஏழெட்டு மணி நேரம் சேர்த்தாலும் ஒரு நாள்தானே என்று மனசு கணக்குப் போட்டது. “நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடுவேன்” என்றேன். அண்ணன் அதைச் சித்தப்பாவிடம் சொன்னான். வியாழன் காலை எட்டு மணிக்கு எடுப்பதாகச் சித்தப்பா உறவு முறைக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் வீட்டு வாசலில் கால் வைத்தது வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ஃபோன் வந்ததிலிருந்து 45 மணி நேரம்.

காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்த ஜனம் நாலு மணி வரை பந்தலில் இருந்தது. வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். அப்பாவை எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா செவ்வாய் ராத்திரியிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் ஈரம் படியப் படிய, முந்தானையால் முகத்துக்கு நேரே ஒரு வட்டம் மட்டும் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றபோதும் அந்த வட்டம் தெளிவாக இருந்தது. “தம்பி வந்துட்டான், பாருங்க” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் அரை மணி நேரம்தான் என்னால் அப்பாவோடு இருக்க முடிந்தது.

விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. எந்த இணைப்பும் தப்பவில்லை. நான் சொன்ன கணக்குதான் தப்பு. அந்தக் கணக்கை நம்பித்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 45 மணி நேரம் எங்கே போனது என்று பிரித்துப் பார்க்கிறேன். ஃபோன் வந்ததிலிருந்து விமானம் கிளம்பும்வரை 10 மணி 25 நிமிடம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய்க்கு 15 மணி 30 நிமிடம். துபாயில் காத்திருந்தது 7 மணி 30 நிமிடம். அங்கிருந்து சென்னைக்கு 4 மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வர 1 மணி 15 நிமிடம். சென்னையிலிருந்து கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊருக்கு 6 மணி 30 நிமிடம். ஆகாயத்தில் இருந்தது மொத்தம் பத்தொன்பதரை மணி நேரம்தான். மீதி 25 மணி 40 நிமிடம் தரையில் போனது. இணையத்தில் தூரத்தையும் நேரத்தையும் காட்டும் கணக்கில் இந்தத் தரை நேரம் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரு உலக உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு விரலும் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு விரலும் வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் அதுதான் மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டும் என்று தோன்றும். நூல் அப்படிப் போகாது. ஆந்திரக் கரையோரம் ஏறி, ஒடிசா, நேபாளம், எவரெஸ்ட் பக்கமாகத் திபெத், மங்கோலியா, சைபீரியாவின் கிழக்குக் கோடி, அலாஸ்கா என்று வடக்கே வளைந்து போய் மேலிருந்து கீழே கலிபோர்னியாவுக்கு இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 13,900 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டினால் 16 மணி நேரம் வந்துவிடுகிறது.

அந்த நூல் வழியே பறக்கும் விமானம் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. இருந்தாலும் திபெத்துக்கு மேலே போக விமானிகள் தயங்குவார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் சட்டென்று 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. அப்புறம் ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் அதன் வழியே பறக்க முடிவதில்லை. வளைகுடா நிறுவனங்களும் இந்திய நிறுவனங்களும் பறக்கின்றன. ஒரே இரண்டு ஊருக்கு நடுவே நிறுவனத்துக்கு நிறுவனம் நேரம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும் என்றால் எவ்வளவு சுற்று? சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டுமே 2,930 கி.மீ. அளவில். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. துபாய்–சான்பிரான்சிஸ்கோ 13,000 கி.மீ.-க்குக் கொஞ்சம் மேலே, சிங்கப்பூர்–சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,600. ஆக துபாய் வழி கிட்டத்தட்ட 16,000, சிங்கப்பூர் வழி 16,500. ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் வழியாகப் போனாலும் 16,700-லிருந்து 16,900-க்குள்தான். நாலு வழிக்கும் நடுவே அதிகபட்ச வித்தியாசம் 900 கி.மீ., அதாவது ஒரு மணி நேரப் பறத்தல். அதனால் எந்த வழி குறுகியது என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், கடைசியில் எந்த ஊரில் கொண்டு இறக்கிவிடும், இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் எப்போதும் இருக்கிறது. குளிர்காலத்தில் வேகம் கூடும். சிங்கப்பூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கு நோக்கிப் போகையில் அது தள்ளிவிடும், 15 மணி நேரத்தில் போய்விடலாம். அதே தூரத்தை எதிர்க்காற்றில் திரும்பி வர 17 மணி நேரம் ஆகும். வரும்போது இவ்வளவுதானே ஆச்சு என்று அமெரிக்கா வந்த நேரத்தை வைத்து ஊருக்குப் போகும் நேரத்தைச் சொன்னால் இரண்டு மணி நேரம் பிசகும். துபாய் வழியில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. சான்பிரான்சிஸ்கோவும் துபாயும் வடதுருவத்துக்கு நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் 178 டிகிரி வித்தியாசம். அதனால் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது, காற்றை எதிர்த்தோ உடன்பட்டோ போவது கொஞ்ச நேரம்தான்.

அந்தப் புதன்கிழமையை நான் துருவத்தின் மேல்தான் கழித்தேன். செவ்வாய் பிற்பகல் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிட்டது. ஜனவரியில் துருவத்துக்குச் சூரியன் கிடையாது. பாதி வழிக்கு மேல் போன பிறகு, சைபீரியாப் பக்கம், அடிவானத்தில் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கிப் போய் மறுபடி இருட்டு. நிலமே தெரியாத அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, இந்நேரம் ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்தேன். எனக்கு அங்கே மணி என்ன என்றே தெரியவில்லை. அண்ணனிடம் சொன்ன “நாளைக்கு ராத்திரி” முடிந்துவிட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்று விரல் விட்டு எண்ணியும் பிடிபடவில்லை.

அதனால்தான் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதை: ஃபோன் வந்த நிமிடத்திலிருந்து எல்லா நேரத்தையும் இந்திய நேரத்தில் எழுதுங்கள். ஒரு தாளை எடுத்து, கிழமை போட்டு எழுதுங்கள். என் பயணத்தை அப்படி எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும். சான்பிரான்சிஸ்கோவில் விமானம் கிளம்புவது, அங்கே செவ்வாய் பிற்பகல் 3.45, ஊரில் புதன் காலை 5.15. துபாயில் இறங்குவது, ஊரில் புதன் இரவு 8.45. துபாயிலிருந்து கிளம்புவது, ஊரில் வியாழன் காலை 4.15. சென்னை, வியாழன் காலை 8.15. இந்த நாலு வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், புதன் ராத்திரி நான் ஊரில் இருக்கப் போவதில்லை, துபாயில்தான் இருப்பேன் என்று. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஃபோனில் பதில் சொன்னதைத்தான் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

கலிபோர்னியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரம். மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை. டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் தப்பிவிடும். டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று ஒரு வரி இருக்கும், அதோடு உங்கள் கூட்டலை ஒத்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். “வியாழன் 2.45” என்று போட்டிருந்தால் புதன் ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் உறவில் ஒருவர் அமெரிக்காவுக்குத் திரும்பும்போது இந்தத் தேதியைத் தப்பாகப் படித்து, விமானம் போய் இருபது மணி நேரம் கழித்து மீனம்பாக்கத்தில் போய் நின்றார். வளைகுடா வழி விமானங்களில் பல சென்னையைத் தொடுவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் என்பதால் நம் ஊர்க்காரர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள்.

அடுத்தது கடைசி மைல். எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. 13,000 கி.மீ.-யைப் பதினைந்தரை மணி நேரத்தில் தாண்டி வந்தவன், சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 280 கி.மீ. போக ஆறரை மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். விக்கிரவாண்டி வரை வண்டி நன்றாகப் போனது. அதற்கப்புறம் பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று சாலை வேலை நடக்கும் இடமெல்லாம் ஒற்றை வரிசை. கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அண்ணன் ஃபோன் செய்தான். அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது “இன்னும் ஒரு மணி நேரம்” என்று நான் சொல்ல, அந்தப் பக்கம் அவன் யாரிடமோ “ஒரு மணி நேரமாம்” என்று சொன்னது கேட்டது. அந்தப் பந்தல் முழுவதும் என் காரை மனசால் இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 90 கி.மீ.தான். தஞ்சாவூர் வழி நல்ல சாலை, இரண்டு மணி நேரம் சொச்சம். திருச்சிக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடாவிலிருந்து விமானங்கள் வருகின்றன. 2024-இல் பெரிய புது முனையமும் திறந்துவிட்டார்கள். பதினைந்து வருஷமாகச் சென்னை வழியாகவே வந்து போன பழக்கத்தில் அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. மதுரை, கோவைப் பக்கத்துக்காரர்களும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு ஊருக்கும் வெளிநாட்டிலிருந்து நேராக விமானம் உண்டு. அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் ஊருக்கு எது சரி வரும் என்று பார்த்து எழுதி வையுங்கள். துக்கம் வந்த பிறகு தேடினால் மூளை வேலை செய்யாது.

டிக்கெட் எடுக்கும்போது முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. நடுவழியில் குடியேற்றச் சோதனை தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டு விசா கேட்பார்கள். இன்னொன்று, அமெரிக்காவில் வாங்கும் டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதி, பயணத்துக்கு ஏழு நாளாவது முன்னால் வாங்கிய டிக்கெட்டுக்குத்தான். அன்றே கிளம்பும் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. அதனால் பதறிப் போய் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

பெட்டி போடாதீர்கள். முதுகுப் பை ஒன்று போதும். வேட்டியும் சட்டையும் ஊரில் கிடைக்கும். மீனம்பாக்கத்தில் நான் செலவழித்த ஒன்றேகால் மணி நேரத்தில் பாதி, பெட்டி வரும் பெல்ட்டுக்கு முன்னால் நின்றதுதான். மனைவி பதற்றத்தில் அடுக்கிக் கொடுத்த பெட்டி. ஊருக்குப் போய் அதைத் திறக்கவே இல்லை. தினமும் போடும் மாத்திரை, சார்ஜர், பாஸ்போர்ட், கொஞ்சம் இந்திய ரூபாய், இவை பையில் இருந்தால் போதும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கிழமையைப் பார்க்காமல், கடைசியாகப் போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்று எண்ணிப் போட வேண்டும். உங்கள் டாக்டரிடம் இதை முன்கூட்டியே ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போதே விமானப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. துபாயை நெருங்கும்போதுதான், சென்னைக்கு முன்னதாகக் கிளம்பும் விமானத்தில் ஏதாவது இடம் கிடைக்குமா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். காரணத்தைக் கேட்டவர், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று, கதவுக்குப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டார். இறங்கியதும் ஓடினேன். அன்றிரவு சென்னைக்கு முன்னதாகக் கிளம்பும் விமானம் நிரம்பிவிட்டிருந்தது. காலியிடத்துக்கான வரிசையில் என் பெயரைப் போட்டார்கள், கிடைக்கவில்லை. ஏழரை மணி நேரம் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், அம்மா சாப்பிடாமல் இருக்கிறாளே என்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். விமானத்துக்குள் காற்று பாலைவனம் மாதிரி காய்ந்திருக்கும். தண்ணீர் குடிக்காமல், கால் நீட்டாமல் இருபது மணி நேரம் உட்கார்ந்தவன் கால் வீங்கி, சுடுகாடு வரை நடக்க முடியாமல் தடுமாறினேன். அண்ணன் பிள்ளைதான் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

விமான நிலையத்திலிருந்து நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. பதிமூன்றரை மணி நேர வித்தியாசம் என்றால் உடம்புக்கு இரவும் பகலும் தலைகீழ். ஊர் நேரத்துக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் சொத்து, வங்கி என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உறவுக்காரர்கள் நல்ல மனசோடுதான் நீட்டுவார்கள், வந்த இடத்தில் முடித்துவிடலாமே என்று. காரியம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், கிளம்பும் உரிமை கையில் இருப்பது. என் நண்பர்கள் சிலருக்கு டிக்கெட் கிடைத்தும் போக முடியவில்லை. ஹெச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் தங்கும் அனுமதித் தாள் செல்லுபடியாகும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். போய்விட்டால் இங்கே திரும்ப மறுபடி தூதரகத்தில் விசா வாங்க வேண்டும், அது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் உறுதி இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களில் சிலருக்கு வெளியே போய்வர முன் அனுமதி வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது என்றால் இந்தத் தாள்களில் ஒன்றையும் காலாவதியாக விடாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பிப் பாருங்கள்.

ஊருக்கு என்ன சொல்ல வேண்டும்? எத்தனை மணி நேரம் என்று சொல்லவே கூடாது. “வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி, நம்ம வீட்டு வாசல்” என்று கிழமை, மணி, இடம் மூன்றையும் சொல்ல வேண்டும். டிக்கெட் கையில் வந்த பிறகு சொல்ல வேண்டும். அதுவரை “டிக்கெட் பாக்குறேன், ஒரு மணி நேரத்துல சொல்றேன்” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதோடு ஒரு எல்லையும் சொல்லிவிட வேண்டும்: “துபாயில இருந்து இத்தனை மணிக்குள்ள ஏறிட்டேன்னு மெசேஜ் வரலன்னா காத்திருக்காதீங்க.” இதைச் சொல்ல நாக்கு எழாது. இதைச் சொல்லாவிட்டால் அந்த முடிவை அண்ணனோ சித்தப்பாவோ தனியாக எடுக்க வேண்டும், அதை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஊரில் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணி, எனக்கு ஞாயிறு மாலை நாலரை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த தாளைப் பார்த்தேன். சிங்கப்பூர் வழி, திருச்சி. ராத்திரி பத்தரைக்கு விமானம், எங்கள் ஃப்ரீமாண்ட் வீட்டிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும். சிங்கப்பூரில் செவ்வாய் காலை ஆறே கால். அங்கே மூன்றே முக்கால் மணி நேரம். திருச்சியில் பதினொன்றரை. முதுகுப் பை ஒன்றோடு வெளியே வர அரை மணி நேரம். எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைத்தது. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி, கும்பகோணம் ஆஸ்பத்திரி” என்று அண்ணனிடம் சொன்னேன். இரண்டு நாற்பதுக்கு அம்மா கட்டில் பக்கத்தில் இருந்தேன். அறுவை சிகிச்சை மறுநாள் காலைக்கு வைத்திருந்தார்கள், நான் வந்து கையெழுத்துப் போட. கூட்டிப் பார்த்தால் அம்மா விழுந்ததிலிருந்து முப்பத்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல்தான் ஆகியிருந்தது. ஆனால் அன்று யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணி அம்மாவுக்கு இட்லி ஊட்டி முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மா தேறி, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாளைப் பற்றி அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தான். என்னிடம் கேட்டாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று. ஃபோனில் இருந்த படத்தைக் காட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. நான்தான் கடைசி.

“உங்கப்பாவுக்கு ரெண்டு நாள் வச்சிருந்தோம். அந்தப் பெட்டிக்குள்ள அவரு குளிர்ல கெடந்தது எனக்குத் தாங்கல தம்பி. என்னைய அப்படி வைக்காதீங்க. அன்னைக்கே எடுத்துடுங்க. கொள்ளிய அண்ணனே வைக்கட்டும். நீ மறுநாள் பாலுக்கு வந்து சேந்தாப் போதும்.”

நான் மறுத்துப் பேசப் பார்த்தேன். கையை அமர்த்திவிட்டு, “அதையும் அந்தத் தாள்ல எழுதிக்க” என்றாள்.

ஊரிலிருந்து திரும்பிய அன்றே எழுதினேன். கடைசி வரியாக, நீல மையில்: அம்மாவுக்கு, பாலுக்கு வந்தால் போதும்.